டென்னிஸ், கோல்ஃப், கால்பந்து மூன்றையும் ஒரே வாரத்தில் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றையும் ஒரே ஆள் முழுசாகப் பார்க்க முடியுமா?

முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்னிஸின் நாலு பெரிய தொடர்களான கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றை எடுத்தால் ஆண்கள் ஒற்றையரில் மட்டும் 127 ஆட்டங்கள், பெண்கள் ஒற்றையரில் இன்னொரு 127. ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கால்பந்தின் லீக் கட்டத்தில் 144 ஆட்டங்கள், இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 380. கோல்ஃபில் ஒருவர் 18 குழிகளை ஆடி முடிக்கவே நாலு, நாலரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் முதல் இரண்டு நாள் பெரும்பாலும் நூறு பேருக்கு மேல் காலையிலிருந்து மாலைவரை வரிசையாகக் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். இதையெல்லாம் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் வேலையும் போகும், தூக்கமும் போகும். ஆனால் மூன்றும் சூடு பிடிக்கிற நேரம் வேறு வேறு. அது எப்போது என்று தெரிந்துவிட்டால் மிச்ச நேரத்தை ஸ்கோர் பார்த்தே ஓட்டிவிடலாம், எதையும் கோட்டை விட்ட மாதிரி இருக்காது.

சரி, எந்தக் கிழமையில் என்ன?

திங்கட்கிழமை டென்னிஸ் தரவரிசை புதுப்பிக்கப்படும், பல தொடர்களில் முதல் சுற்றும் அன்றுதான் ஆரம்பிக்கும். செவ்வாய், புதன் இரவுகள் சாம்பியன்ஸ் லீக்குக்கு. வியாழன் கோல்ஃப் தொடங்கும், கூடவே யூரோப்பா லீக் கால்பந்தும் உண்டு. வெள்ளி கோல்ஃபில் பாதிப்பேர் வெளியேறும் நாள், டென்னிஸில் காலிறுதிகள். சனி உள்ளூர் லீக் கால்பந்தும் டென்னிஸ் அரையிறுதியும். ஞாயிறு மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும், அதைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

இது சாதாரண வாரத்துக்கு. கிராண்ட் ஸ்லாம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீளும், இப்போது வென்றவருக்கு ஆயிரம் தரவரிசைப் புள்ளி தரும் தொடர்களில் பெரும்பாலானவையும் ஏறக்குறைய அப்படித்தான் நீட்டப்பட்டுவிட்டன, அந்த மாதிரி வாரங்களில் டென்னிஸ் கணக்கு மாறிவிடும். என் வழக்கம் கால்பந்தை முதலில் குறித்துக்கொள்வது, ஏனென்றால் மூன்றில் அது மட்டும்தான் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு ஏறக்குறைய முடியும். மற்ற இரண்டையும் அதைச் சுற்றி நிரப்பிக்கொள்ளலாம்.

டென்னிஸை எந்தச் சுற்றிலிருந்து பார்த்தால் போதும்?

பெரிய பெயர்கள் மோதுவதைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் பதில் விதிமுறையிலேயே இருக்கிறது. கிராண்ட் ஸ்லாமில் 128 பேர், அதில் 32 பேருக்குத் தரவரிசைப்படி இடம் ஒதுக்குகிறார்கள், அந்த 32 பேரில் யாரும் மூன்றாவது சுற்றுக்கு முன்னால் ஒருவரையொருவர் சந்திக்க முடியாது. முதல் எட்டு பேர் சந்திக்க வேண்டுமானால் காலிறுதி வர வேண்டும். முதல் இரண்டு பேர் இறுதியில்தான்.

ஆனால் இப்படி மட்டுமே பார்ப்பவர்கள் நல்ல கதைகளை இழக்கிறார்கள் என்பது என் கருத்து. 2001 விம்பிள்டனில் கோரான் இவானிசெவிச் வைல்டு கார்டு (தரவரிசை போதாதவர்களுக்குத் தரும் சிறப்பு அழைப்பு) வாங்கி உள்ளே வந்து கோப்பையைத் தூக்கினார். 2021 அமெரிக்க ஓப்பனில் எம்மா ரடுகானு தகுதிச் சுற்றில் மூன்று, பிரதானச் சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தார், காலிறுதிவரை காத்திருந்தவர்களுக்கு அதில் முக்கால்வாசி தெரியாமலே போயிற்று. அதனால் தொடர் ஆரம்பிக்கும்போதே தரவரிசையில் பின்னால் இருக்கிற ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அவர் ஆட்டங்களை மட்டும் முதல் சுற்றிலிருந்து பாருங்கள். தோற்றால் அடுத்த தொடரில் வேறு ஆள்.

டென்னிஸ் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று ஏன் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

சொல்ல முடியாது, அதுதான் காரணம். ஒரு கோர்ட்டில் காலையில் முதல் ஆட்டத்துக்குத்தான் நேரம் உண்டு. அடுத்தது முந்தையது முடிந்தபின், அதற்கடுத்தது அதற்கும் பின், சிலவற்றுக்கு மட்டும் இந்த நேரத்துக்கு முன் தொடங்காது என்று ஒரு குறிப்பு இருக்கும். முந்தைய ஆட்டம் ஒரு மணி நேரத்திலும் முடியலாம், ஐந்து மணி நேரமும் இழுக்கலாம்.

2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் ஆடிய முதல் சுற்று ஆட்டம் மூன்று நாட்களில் பரவி 11 மணி 5 நிமிடம் நடந்தது, ஐந்தாவது செட் மட்டும் 70-68. இப்போது அப்படி நடக்க வழியில்லை. 2022 முதல் நாலு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை பிரேக் (செட்டை முடித்துவைக்கும் குறும்போட்டி) வந்துவிடும். இருந்தாலும் 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் அல்கராஸ் சின்னரை வெல்ல 5 மணி 29 நிமிடம் ஆனது, நடுவில் சின்னர் கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட் இருந்து நழுவியது. அன்று மாலைக்கு வேறு வேலை வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன உபாயம்: பிடித்தவரின் ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள். அது ஒரு செட் முடியும் கட்டத்துக்கு வந்தபின் உட்கார்ந்தால் போதும்.

அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்பாரா? ஸ்கோரைப் பார்த்தே ஆட்டம் புரிந்துவிடுமா?

தோற்பார். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. மூன்று டை பிரேக்கையும் அவர்தான் ஜெயித்தார், மிச்சமிருந்த இரண்டு செட்களில் ஒன்றை 6-1 என்று ஃபெடரர் அள்ளியதால் எண்ணிக்கை அந்தப் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். ஃபெடரரே 2024இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் சொன்னார், தான் ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தும் புள்ளிகளில் 54 சதவீதம்தான் தனக்குக் கிடைத்தது என்று.

இதை நேரமில்லாத ரசிகர் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாப் புள்ளியும் ஒரே எடை கிடையாது. 40-0 இருக்கும்போது எழுந்து போய் வரலாம். 30-30, டியூஸ் (40-40), பிரேக் பாயின்ட் (சர்வ் போடுபவரின் கேமைப் பறிக்கும் வாய்ப்பு), டை பிரேக்கில் 4-4 மாதிரி நேரங்களில் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

கோல்ஃப் சுத்தமாகப் புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் போதும், அது பார். ஒவ்வொரு குழிக்கும் மூன்று, நான்கு அல்லது ஐந்து அடிகள் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், 18 குழிக்கும் சேர்த்து சாதாரணமாக 70 முதல் 72. அதைவிட ஒரு அடி குறைவாக முடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. திரையில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் மைனஸ் 9 என்று இருந்தால் இதுவரை பாரைவிட 9 அடி குறைவாக ஆடியிருக்கிறார், நல்லது. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மேலே இருக்கிறார். நாலு நாள், 72 குழிகள், குறைந்த அடி எடுத்தவர் ஜெயிக்கிறார்.

மைதானத்தின் நுணுக்கம், எந்தக் கட்டையை எப்போது எடுப்பது எல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாக வரும். முதல் மாதத்தில் லீடர்போர்டை, அதாவது யார் எந்த இடத்தில் என்று காட்டும் பட்டியலை, படிக்கத் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை கட் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் கோல்ஃப் வாரத்தில் அதிகம் பேசப்படாத சுவையான நேரம் அதுதான். இரண்டு நாள், 36 குழி முடிந்ததும் மேலே இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சப் பேரை அனுப்பிவிடுவார்கள். பிஜிஏ டூரின் வழக்கமான போட்டிகளில் முதல் 65 இடங்களும் அதே ஸ்கோரில் சமமாக நிற்பவர்களும் தங்குவார்கள். மேஜர் என்று சொல்லப்படும் நாலு பெரிய தொடர்களில் கணக்கு வேறு: மாஸ்டர்ஸில் 50, அமெரிக்க ஓப்பனில் 60, பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் பிரிட்டனில் நடக்கும் தி ஓப்பனிலும் 70, எல்லாவற்றிலும் சமமானவர்களும் சேர்த்தி.

கட்டைத் தாண்டாவிட்டால் டூர் போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது, பயணச் செலவும் அவர்கள் கையிலிருந்து. அதனால் வெள்ளி மாலை பட்டியலின் உச்சியைப் பார்ப்பதைவிட அந்தக் கோடு இருக்கும் இடத்தைப் பாருங்கள். கடைசிக் குழியில் ஆறடித் தூர பட் ஒன்றை (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) உள்ளே தள்ளினால் வார இறுதி வேலை உண்டு, தள்ளாவிட்டால் விமான நிலையம். ஒருவர் போகி போட்டுக் கோடு ஒரு அடி நகர்ந்தால், ஏற்கெனவே ஆடி முடித்து உடை மாற்றிக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து பேர் மறுபடி உள்ளே வருவதும் உண்டு.

2022இல் தொடங்கிய லிவ் கோல்ஃப் என்ற போட்டித் தொடர் கட்டே இல்லாமல், 54 குழியோடு ஆரம்பித்தது. எனக்கு அது ஒட்டாமல் போனதற்கு முக்கியக் காரணம் இந்த வெள்ளி மாலை அதில் இல்லை என்பதே.

வியாழக்கிழமை கோல்ஃப் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. யார் காலையில் கிளம்பினார், யார் மதியம் கிளம்பினார் என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள், ஏனென்றால் மதியம் காற்று எழுந்தால் இரண்டு குழுவும் வேறு வேறு மைதானத்தில் ஆடிய மாதிரி ஆகிவிடும். வெள்ளியன்று நேரங்கள் மாறும் என்றாலும் காற்று அப்படி முறை வைத்து மாறாது.

ஞாயிறு கோல்ஃபை எப்போது திறப்பது?

முன்னிலையில் இருப்பவர்கள் கடைசியாகத்தான் கிளம்புவார்கள். அவர்கள் பத்தாவது குழிக்கு வரும்போது திறந்தால் சரியாக இருக்கும், கடைசி ஒன்பது குழிகள் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மணி நேரம்.

முன்னிலை எவ்வளவு பெரியது என்பதை நம்பி அணைத்துவிடாதீர்கள். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் கடைசி நாளை ஆறு அடி முன்னிலையோடு தொடங்கி 78 அடித்தார், நிக் ஃபால்டோ 67 அடித்து ஐந்து அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 1999இல் கார்னூஸ்டியில் நடந்த தி ஓப்பனில் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வந்தபோது மூன்று அடி முன்னால் இருந்தார், பார் நாலு உள்ள அந்தக் குழியில் ஏழு எடுத்தார், நடுவில் ஷூவைக் கழற்றி ஓடையில் இறங்கி நின்ற படம் இன்னும் சுற்றுகிறது. சமமாக முடித்தவர்கள் கூடுதல் குழிகளில் மோதும் பிளே ஆஃபில் பால் லாரி ஜெயித்தார், அவர் அன்று காலை பத்து அடி பின்தங்கியிருந்தவர்.

2025 மாஸ்டர்ஸ் இதற்கெல்லாம் நேர்மாறாக முடிந்திருக்க வேண்டியது. ரோரி மெக்கில்ராய் இரண்டு அடி முன்னிலையோடு வந்து முதல் குழியிலேயே டபுள் போகி, பதின்மூன்றில் பந்தை ஓடையில் போட்டு இன்னொரு டபுள் போகி, கடைசிக் குழியில் சின்ன பட் ஒன்றைத் தவறவிட்டு போகி. ஜஸ்டின் ரோஸ் எட்டிப் பிடித்துவிட்டார். பிளே ஆஃபின் முதல் குழியில் மெக்கில்ராய் பேர்டி அடித்து முடித்தார். நாலு மேஜர் பட்டங்களையும் வாழ்க்கையில் வென்ற ஆறாவது ஆள் அவர், மாஸ்டர்ஸில் அது அவருடைய 17ஆவது முயற்சி. அன்று சிறப்புத் தொகுப்பு மட்டும் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும், அந்த நாலு மணி நேர வயிற்றுக் கலக்கம் தெரியாது.

வார நடுவில் சாம்பியன்ஸ் லீக் ஒரே இரவில் ஒன்பது ஆட்டம் ஓடுகிறது. எதைப் பார்ப்பது?

2024-25 சீசனிலிருந்து பழைய பிரிவுகள் போய்விட்டன. 36 அணிகளும் ஒரே பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டம், எட்டும் வேறு வேறு அணியோடு. முதல் 8 இடங்கள் நேராகக் கடைசி 16க்குப் போகும், 9 முதல் 24 வரை தங்களுக்குள் மோதி மிச்ச இடங்களைப் பிடிக்க வேண்டும், 25ஆம் இடமும் அதற்குக் கீழும் வீட்டுக்கு. அதனால் இலையுதிர்கால ஆட்டங்களில் இரண்டு பெரிய அணிகள் மோதினாலும் தோற்பவருக்குப் பெரிதாக ஒன்றும் போய்விடாது. அந்த மாதங்களில் நடுத்தர அணிகள் மோதும் ஆட்டத்தைத்தான் நான் எடுப்பேன், பட்டியலில் 24ஆம் இடம் அங்கேதான் தீர்மானமாகிறது.

கடைசிச் சுற்று மட்டும் வேறு. ஜனவரி இறுதியில் 18 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அன்று ஒரு ஆட்டத்தில் ஒட்டிக்கொள்ளாதீர்கள், எல்லா மைதானத்துக்கும் தாவுகிற ஒளிபரப்பு இருந்தால் அதையும், கையில் நேரலைப் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் நடத்துவதற்குப் பின்னால் ஒரு பழைய அழுக்கு இருக்கிறது. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின, அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால் எந்த ஸ்கோர் வந்தால் இருவரும் தப்பிக்கலாம் என்று இரண்டு அணிக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது, அதற்கப்புறம் பேருக்குப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1-0. அல்ஜீரியா வெளியே. 1986 உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்துக்கு மாற்றப்பட்டன.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் யார் மேலே?

நாட்டுக்கு நாடு வேறு. பிரீமியர் லீக்கில் முதலில் கோல் வித்தியாசம், ஸ்பெயினின் லா லிகாவில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு. இது தெரிந்தால் 4-0 என்று முன்னிலையில் இருக்கிற அணி ஏன் இன்னும் ஓடுகிறது என்று புரியும். 2012இல் மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெட்டும் ஒரே புள்ளியில் முடித்தன, 90 நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் அகுவேரோ போட்ட கோலில் சிட்டி கியூபிஆர் அணியை 3-2 என்று வென்று கோல் வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்தது.

சர்வதேச இடைவெளி வந்தால் லீக் நின்றுவிடுகிறதே?

நிற்கட்டும். சீசனின் முதல் பாதியிலும் மார்ச்சிலும் தேசிய அணிகளுக்காக லீக்குகள் ஓய்வெடுக்கும் வாரங்களில் டென்னிஸும் கோல்ஃபும் நிற்பதில்லை. மார்ச் இடைவெளியின்போது மயாமியில் டென்னிஸ் பின்கட்டங்களில் இருக்கும், அப்புறம் சில நாட்களில் மாஸ்டர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றும் மோதினால்?

2024 ஜூலை 14ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். லண்டனில் மதியம் விம்பிள்டன் இறுதி, அல்கராஸ் ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்றார். ஸ்காட்டிஷ் ஓப்பன் கோல்ஃபின் கடைசி நாள், ராபர்ட் மெக்கின்டயர் கடைசிக் குழியில் பேர்டி அடித்து ஆடம் ஸ்காட்டை ஒரு அடியில் முந்தினார். இரவு பெர்லினில் யூரோ இறுதி, ஸ்பெயின் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. அதற்கும் பிறகு அமெரிக்காவில் கோப்பா அமெரிக்கா இறுதி, வாசலில் ஏற்பட்ட நெரிசலால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் தொடங்கி, கூடுதல் நேரத்தில் லௌட்டாரோ மார்டினெஸ் கோலால் அர்ஜென்டினா ஜெயித்தது.

அந்த நாளில் உண்மையாக மோதியவை டென்னிஸும் கோல்ஃபும் மட்டும்தான். அப்படி வரும்போது பெரிய திரையில் டென்னிஸ், கைபேசியில் கோல்ஃப் லீடர்போர்டு என்று வைத்துக்கொள்வேன். கோல்ஃபில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நடந்துகொண்டுதான் இருப்பார்கள், டென்னிஸில் இரண்டு கேமுக்கு ஒருமுறை இடம் மாறும் ஒன்றரை நிமிடம் கிடைக்கும், அந்த இடைவெளியில் கோல்ஃப் பக்கம் போய் வரலாம். கால்பந்தோடு மட்டும் இந்த விளையாட்டு செல்லாது. குனிந்து ஸ்கோர் பார்க்கிற ஐந்து விநாடியில்தான் கோல் விழும்.

2026 ஜூன், ஜூலையில் என்ன கதி?

உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 48 அணிகள், 104 ஆட்டங்கள், அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில். நடுவில் ஜூன் 18 முதல் 21 வரை ஷின்னெகாக் ஹில்ஸில் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப், ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை விம்பிள்டன், ஜூலை 16 முதல் 19 வரை ராயல் பர்க்டேலில் தி ஓப்பன். பார்க்கப் பயமாக இருந்தாலும் அட்டவணை அவ்வளவு மோசமில்லை. விம்பிள்டன் ஆண்கள் இறுதி வரும் ஜூலை 12 அன்று உலகக் கோப்பை ஆட்டமே கிடையாது, காலிறுதிகள் 11ஆம் தேதியோடு முடிந்து அரையிறுதிகள் 14, 15இல். 19ஆம் தேதியும் இங்கிலாந்தில் கோல்ஃப் முடிகிற மாலைக்கு அப்புறம்தான் நியூ ஜெர்சியில் இறுதி ஆட்டம், பிளே ஆஃப் ஏதும் வந்து இழுக்காத வரை.

கஷ்டம் குழு ஆட்டங்கள் நடக்கும் ஜூன் மாதத்தில்தான். அங்கே கை வைக்க வேண்டியது கால்பந்தில். எட்டு மூன்றாம் இட அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போவதால் முதல் ஆட்டங்களில் பலவற்றைத் தைரியமாகத் தாண்டலாம்.

பெண்கள் ஆட்டங்களையும் சேர்த்தால் வாரம் தாங்குமா?

தாங்கும். கிராண்ட் ஸ்லாம் பெண்கள் இறுதி சனிக்கிழமை, அதிகபட்சம் மூன்று செட் என்பதால் எப்போது முடியும் என்று ஓரளவு கணிக்கவும் முடியும். பெண்கள் கோல்ஃபில் மேஜர்கள் நாலு அல்ல, ஐந்து.

நேரலை தவறிவிட்டது, முடிவு தெரியாமல் அப்புறம் பார்க்க வழி?

கைபேசியில் விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்பை அணைப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட ஆபத்து வாட்ஸ்அப் குழு, யாராவது ஒருவர் வெறும் ஒரு அழுகைப் பொம்மையைப் போட்டாலே கதை முடிந்தது. வீடியோ தளங்களில் ஆட்டத்தின் முழு நீளம் கூட எதிரி: ஐந்து செட் வரை போகக்கூடிய ஆட்டத்தின் பதிவு இரண்டு மணி நேரத்தில் முடிகிறது என்று கீழே தெரிந்தால், மூன்று செட்டில் முடிந்தது என்று அர்த்தம். நீளத்தை மறைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கால்பந்துக்கு மட்டும் என் கருத்தில் இவ்வளவு சிரமப்பட வேண்டாம், முடிவு தெரிந்தபின் பத்து நிமிடத் தொகுப்பே நன்றாக இருக்கும். கோல்ஃப் தொகுப்பு மட்டும் பயனில்லை, அதில் உள்ளே போகிற பட்களை மட்டும்தான் காட்டுவார்கள்.

திடீரென்று ஆட்ட நேரம் ஒரு மணி மாறிவிட்டதே?

கடிகாரம் மாற்றும் நாடுகளின் வேலை அது. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் மாற்றுகின்றன, திரும்புவது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. நடுவில் இருக்கும் வாரங்களில் ஒன்று மாறியிருக்கும், இன்னொன்று மாறியிருக்காது. அந்த வாரங்களில் மனக்கணக்கை நம்பாமல் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

டிசம்பரில் ஒன்றுமே இல்லையே?

டென்னிஸ் நவம்பர் கடைசியில் டேவிஸ் கோப்பையோடு ஓய்ந்துவிடும், கோல்ஃபிலும் பெரும்பாலும் காட்சி ஆட்டங்கள்தான். ஆனால் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸை ஒட்டி கால்பந்து அடுத்தடுத்து வரும், காயம், சோர்வு எல்லாம் சேர்ந்து பட்டியல் தலைகீழாவது அப்போதுதான். அந்த மாதத்தை முழுக்கக் கால்பந்துக்கே கொடுத்துவிடுங்கள், ஜனவரி நடுவில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் இந்த வசதி கிடைக்காது.